மணி அடித்ததும் என்ன நடக்கிறது? – உயர்நிலைப் பள்ளி வகுப்பறை பற்றிக் கேள்வி பதில்

தமிழ்நாட்டில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். ஆறு முதல் பத்து வரை எல்லா வகுப்புக்கும் போகிறேன். தேர்வு, மதிப்பெண் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அதனால் பள்ளியின் அன்றாட நடைமுறை பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

சார், எம்பொண்ணு அஞ்சாவது வரைக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒரே டீச்சர்கிட்ட படிச்சா. இப்ப ஆறாவது. மணி அடிச்சா ஆள் மாறுறாங்கன்னு பயப்படுறா. ஒரு நாள் எப்படித்தான் போகும்?

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தொடங்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு, முடிவில் நாட்டுப்பண். பிறகு எட்டுப் பாடவேளைகள். முற்பகலிலும் பிற்பகலிலும் சிறு இடைவேளை, நடுவே மதிய உணவு. பள்ளிக்குப் பள்ளி நேரம் கொஞ்சம் மாறும். கால அட்டவணையை அவளையே எழுதச் சொல்லி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ராத்திரியே அதைப் பார்த்துப் பையை அடுக்கட்டும். முதல் மாதப் பயத்தில் பாதி, எந்த நோட்டை எடுப்பது என்கிற பயம்தான்.

இன்னொன்று. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அங்கே உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஆறாவதுக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு வழிபாட்டில் நிற்கிறது. ஜூன் மாதத்தில் வெயிலில் மயங்கி விழும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஆறாம் வகுப்பாகத்தான் இருக்கும். பழைய சோறாவது ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்புங்கள். மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம், 1984-ல் பத்தாம் வகுப்பு வரை நீண்டது. பள்ளி நாள்களில் முட்டை உண்டு, முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். அவள் வெட்கப்படாமல் தட்டை எடுத்துக்கொண்டு போகட்டும்.

ஐயா, நான் இந்த வருஷம் புதுசா பணியில சேர்ந்திருக்கேன். ஏழாம் வகுப்பு, 42 பிள்ளைங்க. வருகைப் பதிவு முடிச்சு, நோட்டை எடுக்கச் சொல்லி, அமைதி ஆக்குறதுக்குள்ள பத்து நிமிஷம் போயிடுது.

நுழைந்தவுடன் "அமைதி" என்று சொல்லாதீர்கள். கரும்பலகையில் முந்தைய நாள் பாடத்திலிருந்து ஒரு கேள்வியை எழுதுங்கள், பேசாமல். விடையை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது முதல் வாரத்திலேயே பழக்கமாகட்டும். நீங்கள் எழுதி முடிக்கும்போது முக்கால்வாசிப் பேர் குனிந்திருப்பார்கள்.

வருகைப் பதிவை இப்படிச் செய்து பாருங்கள். "உள்ளேன் ஐயா"வுக்குப் பதிலாக ஒவ்வொருவரும் ஒரு சொல் சொல்ல வேண்டும். இன்று தனிமங்கள் என்றால், முதல் எண் "ஹைட்ரஜன்" என்பான், அடுத்தவள் "கார்பன்" என்பாள். முன்னால் வந்ததைத் திரும்பச் சொல்லக் கூடாது. நாளை முதுகெலும்புள்ள விலங்குகள், மறுநாள் நம் ஊர் மரங்கள். கடைசி எண்களுக்கு விடை கிடைப்பது கடினம் என்பதால், ஒரு நாள் மேலிருந்து கூப்பிடுங்கள், ஒரு நாள் கீழிருந்து. தடுமாறும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவர் உதவலாம் என்று விடுங்கள்.

இதை நான் இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. 42 பேர் வகுப்பில் நாள் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வீடு திரும்பும் பிள்ளைகள் பத்துப் பேராவது இருப்பார்கள். எந்த ஆசிரியரும் அவர்களைத் திட்டமாட்டார், பாராட்டவும் மாட்டார், ஏனென்றால் அவர்களால் யாருக்கும் தொல்லை இல்லை. அந்தக் குரல் தினமும் ஒருமுறையாவது வகுப்பில் ஒலிக்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகையை ஏற்றுவது எப்படியும் செய்தாக வேண்டிய வேலை. அந்த நேரத்தை இதற்குப் பயன்படுத்துங்கள்.

சார், நான் ஒன்பதாவது. திங்கட்கிழமை பிரேயர்ல செய்தி வாசிக்கச் சொல்லியிருக்காங்க. இப்பவே கை நடுங்குது.

தம்பி, ஞாயிற்றுக்கிழமையே மூன்று செய்தி எடுத்துக்கொள். ஒன்று நம் மாநிலம், ஒன்று உலகம், ஒன்று விளையாட்டு. நாளிதழை அப்படியே கையில் பிடித்து வாசிக்காதே, வரி தவறும். உன் கையெழுத்தில், பெரிய எழுத்தில், ஒரு செய்திக்கு நான்கு வரி என்று எழுது. எண்களை எழுத்தால் எழுதிக்கொள். "17,500" என்று இருந்தால் மைக் முன்னால் நாக்கு நிற்கும், "பதினேழாயிரத்து ஐந்நூறு" என்று இருந்தால் நிற்காது. வெளிநாட்டுப் பெயர்களைச் சத்தமாகப் பத்து முறை சொல்லிப் பார். தாளைத் தனியாகப் பிடிக்காமல் கெட்டி அட்டை நோட்டின் மேல் வைத்துப் பிடி. கை நடுங்கினாலும் தாள் நடுங்காது. தலைப்பை வாசித்ததும் ஒரு மூச்சு விட்டு நிறுத்து. அந்த நிறுத்தத்தில்தான் பின்வரிசை உன்னைக் கவனிக்கத் தொடங்கும்.

பெஞ்சை 'ப' வடிவுல போட்டா கடைசி பெஞ்சே இருக்காதுன்னு சொல்றாங்களே, எல்லாப் பள்ளியிலயும் ஏன் செய்யலை?

2025-ல் இந்தப் பேச்சு தமிழ்நாட்டில் பெரிதாக எழுந்தது. எண்ணம் நல்லது. இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அருமையாக வேலை செய்யும், கலந்துரையாடலுக்கு அதைவிட நல்ல அமைப்பு இல்லை. ஐம்பது பேர் இருக்கும் அறையில் நீளப் பெஞ்சுகளை அப்படிப் போட்டால் நடக்க வழியிருக்காது. பக்கவாட்டில் உட்காரும் பிள்ளைகள் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பியபடி கரும்பலகையைப் பார்க்க வேண்டிவரும்.

நெரிசலான வகுப்புக்கு நான் செய்வது வேறு. திங்கள்தோறும் வரிசை நகரும். முதல் வரிசை கடைசிக்குப் போகும், மற்றவை ஒரு படி முன்னே வரும். கண்பார்வைக் குறை, காது மந்தம் உள்ள பிள்ளைகள் மட்டும் முன்னாலேயே இருப்பார்கள். குழு வேலை என்றால், ஒன்றுவிட்டு ஒரு பெஞ்சுக்காரர்கள் திரும்பி உட்கார்ந்தால் போதும், அரை நிமிடத்தில் ஆறு பேர் குழுக்கள் தயார்.

பத்தாவது செய்முறையை ஜனவரி, பிப்ரவரியில மட்டும் அவசர அவசரமா முடிக்கிறாங்க. இது சரியா?

சரியில்லை. அறிவியலில் கருத்தியல் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். வருடம் முழுக்கக் கையால் தொடாமல் கடைசி மாதத்தில் நோட்டில் படம் வரைந்து வாங்கும் அந்த 25-ல் அறிவியல் ஒன்றும் இல்லை.

ஆய்வகம் இல்லை என்பார்கள். செம்பருத்தி இல்லாத ஊர் உண்டா? நான்கு பேருக்கு ஒரு பூ கொடுங்கள். ஐந்து அல்லி இதழ்களை எண்ணிப் பிரிக்கட்டும். மகரந்தத்தாள்கள் குழாயாகச் சேர்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்கட்டும். சூல்பையைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகள் தெரியும், கைலென்சு போதும். சோற்றுக் கஞ்சியில் அயோடின் ஒரு சொட்டு விட்டால் கருநீலம். மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவப்பு. இவற்றை ஆறாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒருமுறை செய்தால் பத்தாவதில் பிப்ரவரி யாரையும் பயமுறுத்தாது.

குழுவில் வெட்டுபவர், ஒட்டுபவர், எழுதுபவர், எழுந்து விளக்குபவர் என நான்கு வேலைகளைப் பிரித்து, அடுத்த வாரம் கட்டாயம் மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் கையெழுத்து நன்றாக உள்ள பெண் எப்போதும் எழுதிக்கொண்டே இருப்பாள், தைரியமான பையன் எப்போதும் பிளேடைப் பிடிப்பான், நான்காவது பிள்ளை பூவைத் தொடாமலே ஐந்து வருடம் கடந்துபோகும்.

பி.டி. பீரியடை கணக்கு சார் எடுத்துக்கறார். பத்தாவதுன்னா அப்படித்தானா?

அப்படி இல்லை. பத்தாம் வகுப்புக்குத்தான் அந்த நாற்பது நிமிடம் அதிகம் தேவை. காலைச் சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு, நடுவே சிறுதேர்வு என்று உட்கார்ந்தே இருக்கும் உடம்பு அது. கணக்கு ஆசிரியருக்கு நேரம் போதவில்லை என்றால் தலைமை ஆசிரியரிடம் கேட்கட்டும், மைதானத்திடம் கேட்கக் கூடாது.

எம்மக காலையில கொண்டுபோற தண்ணி பாட்டில் அப்படியே திரும்பி வருது. கேட்டா சிரிக்கிறா.

கழிப்பறையைப் பற்றிக் கேளுங்கள். தண்ணீர் குடிக்கத் தனி மணி அடிக்கச் சொல்லி 2025-ல் ஏற்பாடு வந்தது, நல்ல ஏற்பாடு. ஆனால் கழிப்பறை சுத்தமாக இல்லையென்றாலோ, பத்து நிமிட இடைவேளையில் வரிசை நகரவில்லையென்றாலோ பெண்பிள்ளைகள் குடிக்கமாட்டார்கள். இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆறு, ஏழாம் வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே இடைவேளை விட்டால் நெரிசல் பாதியாகும். இதற்குப் பணமே வேண்டாம்.

"கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க"ன்னு பெத்தவங்களே சொல்றப்ப, அடிக்காம எப்படி சார் வழிக்குக் கொண்டுவர்றது? (ஒரு சக ஆசிரியர்)

பெற்றோர் அனுமதித்தாலும் சட்டம் அனுமதிக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பதும் வகுப்பு முன்னால் குடும்பத்தைச் சொல்லித் திட்டுவதும் அதில் அடங்கும். பிள்ளைகளுக்கு 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) என்ற தொலைபேசி எண்கள் தெரிந்திருக்க வேண்டும், வகுப்பறைச் சுவரிலேயே எழுதி வைக்கிறேன்.

குறும்பு செய்பவனுக்குப் பொறுப்பு கொடுங்கள் என்ற அறிவுரை பழையது. அதில் ஒரு திருத்தம்: குறும்பு செய்த அன்றே கொடுக்காதீர்கள், அது பரிசாகிவிடும். அமைதியாக இருந்த ஒரு நாளில் கூப்பிட்டு, ஆய்வுப் பொருள்களை எண்ணி எடுத்துவைக்கும் வேலையைக் கொடுங்கள். வகுப்பு முடிந்த பிறகு வராந்தாவில், மற்றப் பிள்ளைகள் கேட்காத தூரத்தில் இரண்டு நிமிடம் பேசுங்கள். நாற்பது பேர் பார்க்கும்போது பதினான்கு வயதுப் பையன் இறங்கிவரமாட்டான்.

கலைத் திருவிழா, வானவில் மன்றம் (அறிவியல், கணிதச் செய்முறை), சிறார் படம், மகிழ் முற்றம்... இதெல்லாம் படிப்புக்கு இடைஞ்சல் இல்லையா?

ஒரே மாதத்தில் எல்லாம் வந்து விழும்போது ஆசிரியர்களுக்குத் திணறல்தான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் பரிசு வாங்கும் அதே ஐந்து பேரை எல்லாப் போட்டிக்கும் அனுப்புவதுதான் உண்மையான இடைஞ்சல். மகிழ் முற்றத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று எல்லாப் பிள்ளைகளும் ஏதோ ஒரு குழுவில் இருக்கிறார்கள். அதை முறையாக நடத்தினால், கணக்கில் தோற்கும் பிள்ளைக்கும் பள்ளிக்கு வர ஒரு காரணம் கிடைக்கும்.

சார், நான் எட்டாவது படிக்கிறேன். அம்மா காலையிலயே வேலைக்குப் போயிடுவாங்க. தண்ணி பிடிச்சு வெச்சு, தம்பியை பால்வாடியில விட்டுட்டு வர்றதுக்குள்ள லேட் ஆயிடுது. தினமும் வெளிய நிக்க வைக்கிறாங்க.

பாப்பா, நீ இங்கே எழுதியதை அப்படியே ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடு. நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால், வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துவிடு. அம்மாவும் ஒரு நாள் வந்து சொன்னால் இன்னும் நல்லது. அங்கன்வாடி எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதையும் அதில் எழுது. அதைப் பார்த்தால் நீ எவ்வளவு சீக்கிரம் வர முடியும் என்று அவருக்கே தெரியும். வெளியே நின்ற நேரத்தில் விட்டுப்போன முதல் பாடவேளைக் குறிப்புகளைப் பக்கத்துத் தோழியிடம் வாங்கி, அன்றைக்கே எழுதிவிடு. இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு: தாமதமாக வரும் பிள்ளையை உள்ளே உட்கார வைத்துவிட்டு, காரணத்தை இடைவேளையில் கேளுங்கள்.