மூன்றாம் கியரில் ஓட்டிப் பாருங்கள்

கேள்வி: வயது 33. சேலம் அஸ்தம்பட்டியில் வீடு, நாமக்கல்லில் வேலை. தினமும் போக வர நூறு கிலோமீட்டர். மாதம் ஒருமுறையாவது ஏற்காடு ஏறிவிடுவேன். இப்போது இருப்பது பழைய ஸ்விஃப்ட் டீசல். இனிமேல் ஓட்ட ஓட்ட ஆசை வரும்படியான ஒரு ஹாட் ஹேட்ச், அதாவது வேகமான சின்ன ஹேட்ச்பேக் கார் வேண்டும். ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line), டாடா அல்ட்ராஸ் ரேசர், செகண்ட் ஹேண்டில் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ மூன்றும் மனதில் ஓடுகின்றன. மனைவியும் ஓட்டுவார். அம்மாவுக்கு மூட்டு வலி. அப்பா எஸ்யூவிதான் வாங்க வேண்டும் என்கிறார். எதை எடுக்கலாம் சார்?
– சேலம் வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் இத்தனை வருடம் ஓட்டியது எந்த மாதிரி இன்ஜின் என்பதை முதலில் பார்ப்போம். ஸ்விஃப்ட்டின் 1.3 டீசலுக்குக் குதிரைத்திறன் 75தான். ஆனால் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போதே 190 நியூட்டன் மீட்டர் இழுவை கிடைத்துவிடும். அந்த இழுப்புக்கு உங்கள் கால் பழகிவிட்டது. டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத 1.2 பெட்ரோலில் இழுவை 112 பக்கம்தான் என்பதால், அதில் ஏறி உட்கார்ந்தால் வண்டி தூங்குவது போலத் தோன்றும். டர்போ பெட்ரோல் பக்கம் நீங்கள் போனது சரியான முடிவு.

ஐ20 என் லைனில் 998 சிசி டர்போ, 120 குதிரைத்திறன். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியம், 172 நியூட்டன் மீட்டர் இழுவை 1,500 சுற்றிலிருந்து 4,000 வரை குறையாமல் நிற்பது. நாமக்கல் ரோட்டில் லாரிக்குப் பின்னால் அறுபதில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், வலது பக்கம் காலியாகிறது. அந்த நொடியில் கியரைக் குறைக்காமலே வண்டி எழுந்து போக வேண்டும். தினசரி ஓட்டத்தில் சந்தோஷம் என்று நான் சொல்வது இதைத்தான். பூஜ்யத்திலிருந்து நூறுக்கு எத்தனை நொடி என்பதை வருடத்தில் எத்தனை நாள் பயன்படுத்தப் போகிறோம்? அதனால் டெஸ்ட் டிரைவில் மூன்றாம் கியரில் நாற்பதில் போய், அங்கிருந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு போதவே போதாது. ஐந்து ரோடு நெரிசலுக்குள்ளும் கொண்டுபோகக் கேளுங்கள். கிளட்ச் எவ்வளவு கனம் என்பது அங்கேதான் முழங்காலுக்குத் தெரியும். மனைவியையும் அந்த நெரிசலிலேயே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அல்ட்ராஸ் ரேசரிலும் 120 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அல்ட்ராஸின் கதவுகள் 90 டிகிரி திறக்கும், மூட்டு வலிக்காரருக்கு அது பெரிய உதவி. என் லைனில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், சாதாரண ஐ20-ஐவிட இறுக்கமான சஸ்பென்ஷன், கொஞ்சம் கனமான ஸ்டீயரிங். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி வரும்போது எனக்கு இந்தப் பிரேக் தரும் தைரியம் பிடிக்கும். அப்புறம், இந்த வண்டி தயாராவது இருங்காட்டுக்கோட்டையில். நம்முடைய ரேஸ் டிராக் இருக்கும் அதே ஊர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

2023-க்குப் பிறகு வந்த ஆறு கியர் மேனுவலை எடுங்கள். ஏழு கியர் டிசிடி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் வேகமானதுதான். ஆனால் அதில் இருப்பது டிரை கிளட்ச், ஆயிலில் மூழ்கியிராத வகை. ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்ச் பாதி பிடித்தபடியே இருப்பதால் சூடாகும். மனைவிக்கு ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் எடுக்கலாம், முன் வண்டிக்கு இடைவெளி விட்டு நகர்த்திப் பழகினால் போதும்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ பற்றி ஆசையோடு கேட்டிருக்கிறீர்கள், எனக்கும் அந்த ஆசை உண்டு. 1.2 டர்போ இன்ஜின், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர், நான்கு சிலிண்டரின் வழுவழுப்பு. ஆனால் இங்கே போலோ தயாரிப்பு 2022-லேயே நின்றுவிட்டது, அந்த 1.2 இன்ஜின் அதற்கும் முன்பே. அதன் டிஎஸ்ஜி என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில், கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டை மாற்ற வேண்டி வந்தால் செலவு லட்சத்தைத் தாண்டும். தினம் நூறு கிலோமீட்டர் ஓட்டும் வண்டிக்கு அந்த பயம் வேண்டாம். போலோதான் வேண்டும் என்றால் 2020-க்குப் பிறகு வந்த 1.0 டிஎஸ்ஐ மேனுவலைத் தேடுங்கள்.

டயர் விஷயம். என் லைனில் 195/55 ஆர்16, அதாவது டயரின் பக்கச்சுவர் 195 மில்லிமீட்டர் அகலத்தில் 55 சதவீதம், 107 மில்லிமீட்டர்தான். நான் ஓட்டும் பலேனோ ஆர்எஸ்ஸிலும் இதே அளவு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது இந்த டயர் தரும் பிடிப்புக்கு ஈடில்லை. ஆனால் பக்கச்சுவர் குட்டை என்பதால், போன மழைக்காலத்தில் தண்ணீர் மூடிய பள்ளம் ஒன்றில் இறங்கி முன் ரிம் வளைந்துவிட்டது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை காற்று பாருங்கள், மழையில் ரோட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதற்குள் வேகமாக விடாதீர்கள்.

கடைசி முடிவு உங்கள் அம்மாவுடையது. அவரை ஷோரூமுக்கு அழைத்துப் போய் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். சிரமப்படாமல் உட்கார்ந்து எழுந்தால் என் லைன் மேனுவல். சீட் தாழ்வாக இருக்கிறது என்றால் எஸ்யூவி சாயல் கொண்ட மாருதி ஃப்ராங்க்ஸ் டர்போவைப் பாருங்கள். 100 குதிரைத்திறன், சற்று உயரமான சீட், அப்பாவுக்கும் சம்மதமாக இருக்கும். வளைவில் கொஞ்சம் கூடுதலாகச் சாயும். அம்மாவின் முழங்காலுக்காக அதை ஏற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: 53 லட்சத்துக்கு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ வந்தபோது எல்லோரும் கொண்டாடினார்களே, ஒரு ஹேட்ச்பேக்குக்கு இவ்வளவு தகுமா?
– மதுரை வாசகர்

பதில்: ஹாட் ஹேட்ச் வகைக்கே இலக்கணம் எழுதிய வண்டி அது. 1975-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டி, அடுத்த வருடம் விற்பனைக்கு விட்டார்கள். 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன், கட்டம் போட்ட துணி சீட், கோல்ஃப் பந்து வடிவ கியர் குமிழ். 5,000 வண்டி விற்றால் போதும் என்றுதான் ஆரம்பித்தார்கள். வார நாளில் ஆபீஸ், மளிகை, ஞாயிறு மலைப்பாதை எல்லாம் ஒரே வண்டியில் என்பதுதான் அன்றைய யோசனை. 2025-ல் இங்கே வந்ததில் 265 குதிரைத்திறன், முழுதாக இறக்குமதி, அதனால்தான் அந்த விலை. வண்டி அருமையானது. ஆனால் சாதாரண சம்பளக்காரருக்கும் எட்டும் சந்தோஷமாகத்தான் அது பிறந்தது, அதனால் இந்த விலை எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: டர்போ காருக்கு 100 ஆக்டேன் என்ற விலை கூடிய பெட்ரோல் போட வேண்டுமா?
– திருப்பூர் வாசகர்

பதில்: நம் ஊரில் விற்கும் இந்தச் சின்ன டர்போ கார்கள் சாதாரண பெட்ரோலுக்கே அமைக்கப்பட்டவை, தேவையில்லை. அந்தப் பணத்தில் இன்ஜின் ஆயிலைக் குறித்த நேரத்தில், கம்பெனி சொன்ன தரத்தில் மாற்றுங்கள். டர்போவின் தண்டு சுற்றுவது அந்த ஆயிலில்தான். நீண்ட ஏற்றம் ஏறி வந்தவுடன் இன்ஜினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள்.