சாட்ஸ்வர்த் மளிகைக் கடை கூகுளில் முன்னே தெரிய என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: என் மாமனார் தொடங்கிய மளிகைக் கடையை இப்போது நானும் என் கணவரும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் நடத்தி வருகிறோம். பருப்பு, மசாலா, கீரை, பூசைப் பொருள்கள் எல்லாம் விற்கிறோம். சென்ற ஆண்டு ஓர் இணையதளமும் அமைத்தோம். ஆனாலும் கைப்பேசியில் மசாலாக் கடை என்று தேடினால் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளே முதலில் வருகின்றன. மாதக் கட்டணம் கட்டினால் கூகுளில் முதலிடம் உறுதி என்று ஒரு நிறுவனத்தார் ஒப்பந்தத்தோடு வந்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போட வேண்டாம். தேடலில் முதலிடத்தை எவராலும் உறுதியளிக்க முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது. மேப்பில் கடைகள் வரும் வரிசையைப் பணம் கொடுத்து உயர்த்த வழியில்லை என்பதையும் அது தெளிவாகச் சொல்கிறது. விளம்பரம் வாங்கலாம்; அது விளம்பரம் என்ற குறிப்போடு தனியாக வரும், பணம் நின்ற அன்றே அதுவும் நின்றுவிடும். உங்கள் கடைக்குத் தேவையான வேலையில் பெரும்பகுதியை நீங்கள் இருவரும் கல்லாவில் உட்கார்ந்தபடியே செய்துவிடலாம். இணையதளத்தைச் சீர்செய்ய மட்டும் ஒருமுறை ஆள் வைத்துக்கொண்டால் போதும்.

பக்கத்தில் உள்ள கடையைத் தேடுகிறவருக்குக் கூகுள் பெரும்பாலும் முதலில் காட்டுவது மேப்பையும் அதன் கீழே சில கடைகளையும்தான். இணையதளங்களின் பட்டியல் அதற்கும் கீழேதான் வரும். ஒரு மளிகைக் கடைக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவருவது அந்த மேப் பகுதி. அதில் எந்தக் கடை வர வேண்டும் என்பதைக் கூகுள் மூன்று அளவுகோல்களால் முடிவுசெய்கிறது: தேடப்பட்ட பொருளுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுகிறவருக்கும் கடைக்கும் இடையே உள்ள தூரம், கடைக்கு இருக்கும் புகழ். தூரம் நம் கையில் இல்லை. தொலைவில் உள்ள உம்லாங்காவில் இருந்து தேடுகிறவருக்கு உங்கள் கடை வராமல் போவதில் குறையொன்றும் இல்லை. அதே சொல்லை உங்கள் தெருமுனையில் நின்று தேடினால் முடிவு வேறாக இருக்கும். ஆகவே ஓர் இடத்தில், ஒரு கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுக் கடை தெரியவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். மற்ற இரண்டும், அதாவது பொருத்தமும் புகழும், உங்கள் உழைப்புக்கு வளைந்துகொடுப்பவை.

முதலில், கடையின் கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது தேடலிலும் மேப்பிலும் கடையின் விவரங்களைக் காட்டும் பக்கம், யாருடைய கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். இணையதளம் செய்து கொடுத்தவரோ, எப்போதோ வேலைக்கு இருந்த பையனோ தம் சொந்த மின்னஞ்சலில் அதைத் திறந்திருப்பது இங்கே மிகவும் சாதாரணம். முதன்மை உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் அல்லது உங்கள் கணவரின் கணக்குதான் இருக்க வேண்டும். உதவிக்கு வருகிறவருக்கு மேலாளர் என்ற பொறுப்பு மட்டும் கொடுங்கள், தேவை முடிந்ததும் நீக்கிவிடலாம். கடை உங்களுடையதுதான் என்று நிறுவக் கூகுள் இப்போது பல நேரங்களில் காணொளி கேட்கிறது. குறைந்தது 30 வினாடி, இடையில் வெட்டாமல், ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்: தெருப் பெயர்ப் பலகையில் தொடங்கி, கடையின் பெயர்ப் பலகையைக் காட்டி, உள்ளே வந்து அலமாரிகளைக் காட்டி, கல்லாவையோ பின்னால் இருக்கும் சரக்கறையையோ உங்கள் சாவியால் திறந்து காட்டுங்கள். வாடிக்கையாளர் முகமும் வங்கி விவரங்களும் அதில் விழக் கூடாது. கடையில் கூட்டம் சேரும் முன், காலையில் எடுப்பது நல்லது.

கடையின் பெயர், பலகையில் எப்படி இருக்கிறதோ அப்படியே புரொஃபைலிலும் இருக்கட்டும். பெயருக்குப் பின்னால் சிறந்த மசாலா, மலிவு விலை, சாட்ஸ்வர்த் என்றெல்லாம் ஒட்டவைப்பது விதிமீறல். புரொஃபைல் முடக்கப்படவும் கூடும். வகை என்ற இடத்தில் பலரும் வெறுமனே குரோசரி ஸ்டோர் என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் பெரிய சூப்பர்மார்க்கெட்டோடு நேருக்கு நேர் மோத வேண்டியதாகிறது. முதன்மை வகையாக இந்தியன் குரோசரி ஸ்டோர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் 9 துணை வகைகள் வரை சேர்க்கலாம் என்றாலும் உண்மையில் பொருந்துகிற இரண்டு மூன்று போதும். முகவரியில் ஒரு சிக்கல் சாட்ஸ்வர்த்துக்கே உரியது. இங்கே மக்கள் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள யூனிட் எண்ணைச் சொல்லி இடம் காட்டுவார்கள், மேப்பிலோ பேவியூ, வெஸ்ட்கிளிஃப், கிராஃப்ட்டீன் என்று பகுதிப் பெயர் இருக்கும். புரொஃபைல், ஃபேஸ்புக், வழிகாட்டும் செயலியான வேஸ், உங்கள் இணையதளம் ஆகிய எல்லாவற்றிலும் முகவரியை ஒரே வடிவத்தில் எழுதுங்கள். யூனிட் எண்ணைக் கடையைப் பற்றிய விவரணையில் சேர்த்துவிடலாம். மேப்பில் குத்தியிருக்கும் குறி கட்டடத்தின் பின்புறச் சந்தில் இருந்தால் அதை வாசலுக்கு இழுத்து வையுங்கள்.

வேலை நேரத்தைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிறு கடைகள் நம்பிக்கையை இழப்பது இதில்தான். பொது விடுமுறை நாள்களில் கடை திறந்திருக்கிறதா என்று நீங்கள் உறுதிசெய்யாவிட்டால், அன்றைய நேரம் மாறக்கூடும் என்ற எச்சரிக்கையைக் கூகுள் வாடிக்கையாளருக்குக் காட்டும். புனித வெள்ளியை நினைத்துப் பாருங்கள். நாடு முழுவதற்கும் விடுமுறை. நம்மவர்களுக்கோ அது இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலின் ஈஸ்டர் காலத் திருவிழா. கற்பூரமும் மஞ்சளும் தேங்காயும் தேடி மக்கள் அலையும் அந்த நாளில் உங்கள் கடை திறந்திருக்கிறது என்று உறுதியாகக் காட்டும் புரொஃபைல், காட்டாத பத்துக் கடைகளை முந்தும். மாறாக, தீபாவளி இந்த நாட்டில் பொது விடுமுறை அல்ல. எனவே கூகுள் தானாக உங்களைக் கேட்கும் என்று நம்பியிருக்க முடியாது. அன்று நீங்கள் கடையை மூடுவதாக இருந்தால் சிறப்பு நேரம் என்ற பகுதியில் நீங்களேதான் பதிய வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு தைப்பூசக் காவடி, சித்ரா பௌர்ணமி, ஆடி, புரட்டாசி, தீபாவளி என ஒரே அமர்வில் குறித்துவிடுங்கள்.

அடுத்தது, மக்கள் என்ன சொல்லைத் தட்டித் தேடுகிறார்கள் என்பது. பெரிய சூப்பர்மார்க்கெட்டின் இணையதளத்தில் துவரம்பருப்புக்கு நாடெங்கும் பொதுவான ஒரு பெயர் இருக்கும். ஆனால் டர்பனில் நம் வீடுகளில் அதற்கு ஆயில் தால் என்றுதான் பெயர், கடலைப்பருப்பு கிராம் தால், பட்டாணிப் பருப்பு பீ தால், கொத்தமல்லி தனியா, சேப்பங்கிழங்கு மடும்பி. காரம் மிகுந்த மிளகாய்ப்பொடியை மதர்-இன்-லா மசாலா என்றே கேட்டு வாங்குகிறார்கள். நம் முன்னோர் இங்கே வரத் தொடங்கிய 1860 முதல் இந்த மண்ணில் உருவான இந்தச் சொற்கள் உங்கள் கடையின் சொத்து. உங்கள் போட்டியாளர்கள் பலர் அவற்றை எழுதுவதே இல்லை. புரொஃபைலில் உள்ள பொருள்கள் பகுதியிலும் இணையதளத்திலும் இந்தப் பெயர்களை ஆங்கில எழுத்தில், பொதுப் பெயரையும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். புரட்டாசியைப் புர்தாசி என்று ஒலிக்கும்படி எழுதித் தேடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். ஆடி மாதக் கூழ் வார்ப்பைப் போரிட்ஜ் பிரேயர் என்கிறார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, ஒரு மாதம், வாடிக்கையாளர்கள் வாயால் கேட்கும் பெயரை அப்படியே குறித்து வாருங்கள். விலை கொடுத்து வாங்கும் எந்தக் கருவியும் உங்களுக்கு இதைவிடச் சரியான பட்டியலைத் தராது.

இணையதளத்தில் நீங்கள் விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கம் வேண்டியதில்லை. பருப்பு வகைகள், மசாலா, பூசைப் பொருள்கள், காய்கீரை என்று நாலைந்து பக்கங்களும், விரதம் மற்றும் விழாக்களுக்கு ஒவ்வொரு பக்கமும் போதும். புரட்டாசிப் பக்கத்தை எடுத்துக்கொண்டால், அந்த மாதத்தில் சைவ உணவுக்கு என்னென்ன பொருள்கள் உங்களிடம் கிடைக்கும், சனிக்கிழமைகளில் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், வாழையிலைக்கு எவ்வளவு முன்பே சொல்லி வைக்க வேண்டும் என்பவற்றை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதினால் அதுவே நல்ல பக்கம். செப்டம்பர் நடுவில் தொடங்கும் மாதத்துக்கு ஆகஸ்டு தொடக்கத்திலேயே பக்கம் தயாராக இருக்க வேண்டும். கூகுள் அதைப் படித்துப் பட்டியலில் சேர்க்கக் காலம் பிடிக்கும். அடுத்த ஆண்டு புதுப் பக்கம் திறக்காதீர்கள். அதே முகவரியில் உள்ள பக்கத்தையே புதுப்பியுங்கள், பழைய பக்கம் ஈட்டிய மதிப்பு அதிலேயே தொடரும்.

வார விலைப்பட்டியலை வண்ணப் படமாக மட்டும் போடும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்துகளைப் பக்கத்தின் வாசகமாகத் தேடுபொறி எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. பெரிய படம் மெதுவாகத் திறப்பதோடு, ப்ரீபெய்ட் டேட்டாவில் பார்ப்பவரின் காசையும் தின்கிறது. பக்கத்தின் முதன்மைப் பகுதி கைப்பேசியில் 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. பொருளையும் விலையையும் எழுத்தாகத் தட்டுங்கள், படத்தைச் சுருக்கி ஏற்றுங்கள். தளத்தைச் சீர்செய்ய வருகிறவரிடம் இது என்ன வகைக் கடை என்று தேடுபொறிக்குச் சொல்லும் குரோசரி ஸ்டோர் என்ற ஸ்கீமா குறியீட்டைச் சேர்க்கவும், தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தை உங்கள் கணக்கில் பதியவும் சொல்லுங்கள். இன்னொன்று: புரொஃபைலோடு கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த சிறு இணையதளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. ஃபேஸ்புக்கிலோ பழைய அட்டைகளிலோ அந்த முகவரி இருந்தால் மாற்றிவிடுங்கள்.

வாடிக்கையாளர் மதிப்புரைகள்தாம் கடையின் புகழை வளர்ப்பவற்றில் முக்கியமானவை. புரொஃபைலிலேயே மதிப்புரைக்கான இணைப்பும் க்யூஆர் குறியீடும் கிடைக்கும். அச்சடித்துக் கல்லாவில் வையுங்கள். ஆனால் மதிப்புரைக்கு ஈடாகத் தள்ளுபடியோ ஒரு பொட்டலம் மசாலாவோ கொடுக்கக் கூடாது. திருப்தியாகப் போகிறவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கேட்பதும் கூடாது. இரண்டும் கூகுளின் விதிகளுக்கு மாறானவை. உறவினர்களை விட்டு ஒரே நாளில் எழுதவைப்பதும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் கேட்பதானால், செய்தி அனுப்பச் சம்மதித்தவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள்; 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் உள்ள, தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் சிறு கடைக்கும் பொருந்தும். வந்த எல்லா மதிப்புரைக்கும் பதில் எழுதுங்கள். கறிவேப்பிலை வாடியிருந்தது என்று ஒருவர் எழுதினால், புதிய கட்டு எந்தெந்த நாளில் வரும் என்பதைச் சொல்லி, மாற்றித் தர அழையுங்கள். அடுத்துப் படிக்கும் பலருக்கு அந்த ஒரு பதிலே கடையைப் பற்றிய நல்ல அறிமுகம்.

பலன் தெரிகிறதா என்பதைப் புரொஃபைலின் செயல்திறன் பகுதியில் மாதம் ஒருமுறை பாருங்கள். எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், என்ன சொல்லைத் தேடி வந்தார்கள் என்பது அங்கே இருக்கும். உங்கள் வியாபாரம் பண்டிகையோடு ஏறி இறங்குவதால் அக்டோபரை நவம்பரோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். தீபாவளி ஆண்டுக்கு ஆண்டு சில வாரங்கள் வரை முன்பின்னாக வருவதையும் கணக்கில் கொள்ளுங்கள். அங்கே தெரியும் தேடல் சொற்களில் நீங்கள் விற்காத பொருள் எதுவும் திரும்பத் திரும்ப வந்தால், அதைச் சரக்கில் சேர்க்கலாமா என்று உங்கள் கணவரோடு பேசிப் பாருங்கள். ஒப்பந்தத்தோடு வந்தவர்களுக்கு, தேவைப்பட்டால் ஒருமுறை வேலைக்கு விலை கேட்டு எழுதுவதாகச் சொல்லி அனுப்பிவிடலாம்.