எந்தக் காகிதத்துக்கு எத்தனை வயசு?

தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் பல வருஷம் குப்பை கொட்டியவள் நான். வீட்டில் சேரும் பில், ரசீது, பத்திரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, டிவி ஸ்டாண்டு மேல் ஒரு குவியல், ஃப்ரிட்ஜ் மேல் ஒரு குவியல். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: பழைய குவியலை இப்போதைக்குத் தொடாதீர்கள். இன்றைக்கு வருகிற காகிதத்திலிருந்து ஆரம்பியுங்கள். அரசு ஆபீஸில் ஒரு ஃபைலை முடிக்கும்போதே அதற்கு ஆயுசு எழுதிவிடுவோம். எல்.டிஸ் என்றால் 1 வருஷம், கே.டிஸ் 3, டி.டிஸ் 10, ஆர்.டிஸ் என்றால் கடைசி வரைக்கும் இருக்கும். அதையே வீட்டிலும் செய்யுங்கள், கவரைப் பிரித்த கையோடு மூலையில் பென்சிலால் “2028 வரை” என்று எழுதிவிட்டால் அப்புறம் யோசிக்கவே வேண்டாம், போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தேதி முடிந்ததையெல்லாம் உருவி வெளியே போடலாம். எரிக்காதீர்கள்.

கேள்வி: கரண்ட் பில், சொத்து வரி ரசீது எல்லாம் எவ்வளவு நாள்?

பதில்: கரண்ட் பில் ஒரு வருஷத்துக்கு 6 வரும். அடுத்த பில்லில் பாக்கி காட்டவில்லை என்றால் முந்தினதைப் போட்டுவிடலாம். சொத்து வரி ரசீது அப்படியில்லை, வீடு இருக்கும் வரை இருக்கட்டும். வீட்டுக் கடனை அடைத்ததும் வங்கி தருகிற கடிதமும் ஆர்.டிஸ்தான்.

கேள்வி: ஃப்ரிட்ஜ் வாங்கிய பில் மங்கிக்கொண்டே வருகிறது. லேமினேட் பண்ணலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம். அந்தத் தாளில் மையே கிடையாது, சூடு பட்டால் கறுக்கிற ரசாயனம்தான் பூசியிருக்கும். லேமினேஷன் மெஷினுக்குள் விட்டால் மொத்தமாகக் கறுத்துவிடும். இருக்கிற எழுத்தை இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வாரன்டி அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

கேள்வி: வீட்டுப் பத்திரத்தை அப்பா நாலாக மடித்து மஞ்சப்பையில் வைத்திருக்கிறார். அது போதாதா?

பதில்: பை நல்ல பைதான், மடிப்புதான் எமன். ஒரு பத்திரம் கைக்கு வந்தது, மடிப்பு சரியாக சர்வே எண் மேல் விழுந்து, அங்கே நூல் நூலாகக் கிழிந்து, 3-ஆ 8-ஆ என்று தெரியாமல் அந்தக் குடும்பம் அலைந்தது. விரித்து, பெரிய கவரில் தட்டையாக வையுங்கள். குண்டூசி துருவேறும், ரப்பர் பேண்டு உருகி ஒட்டும், இரண்டும் கூடாது. பட்டாவும் வில்லங்கச் சான்றும் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கலாம். உங்கள் பெயரில் பதிவான அசல் பத்திரமும், அதற்கு முந்தின உரிமையாளர் பெயரிலுள்ள தாய்ப் பத்திரமும் போனால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம் என்று இழுத்தடிக்கும். சார்பதிவாளர் ஆபீஸில் நகல் கிடைக்கும்தான், ஆனால் நகலைக் காட்டிக் கடன் கேட்டுப் பாருங்கள், மேனேஜர் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம்.

கேள்வி: ஆதார் ஜெராக்ஸ் ஒரு கட்டு கிடக்கிறது. பழைய பேப்பர்காரரிடம் போடலாமா?

பதில்: கூடாது. நான் வாங்கின சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே யாரோ ஒரு பெண் போட்டோவிலிருந்து என்னைப் பார்க்கிறாள், கீழே 12 இலக்கமும் அப்படியே இருக்கிறது. கிழித்து ஒரு வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டுப் பிசைந்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவின் மொய் நோட்டுகள், 1998-லிருந்து இருக்கின்றன. இதையாவது தூக்கிப் போடலாமா?

பதில்: தம்பி, பத்திரத்தைத் தொலைத்தால்கூட நகல் வாங்கலாம். 101 ரூபாய் எழுதினவர் வீட்டில் நாளைக்கு விசேஷம் வந்தால் எந்த ஆபீஸில் போய் நகல் கேட்பீர்கள்? பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வையுங்கள், ஆனால் நோட்டைப் போடாதீர்கள். திருப்பிச் செய்த பெயருக்குப் பக்கத்தில் அம்மா டிக் அடித்திருக்கிறாரா பாருங்கள். டிக் இல்லாத பெயர்களை ஊர்வாரியாகத் தனித் தாளில் எழுதுங்கள், அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. “மேலத்தெரு மாமா” என்று மட்டும் எழுதியிருந்தால் அது யார் என்று அவருக்குத்தான் தெரியும்.