புது ரோட் பைக்கா, பழசா?

கேள்வி: அண்ணே, நான் ஹட்டன். ரோட் பைக், அதான் ரேஸ் சைக்கிள், வாங்க சீட்டு சல்லி சேர்த்து வச்சிருக்கேன், புதுசா எடுக்கவா, இல்ல கூட்டாளி விக்கிற பழசு போதுமா?

பதில்: பழசே போதும் தம்பி, ஆனா பாத்து எடுங்க. மொதல்ல கியர். நுவரெலியாவே 1,868 மீட்டர் உயரம், பின்னுக்கு பெரிய பல்சக்கரத்துல 25 பல்லுதான்னா அங்க போற றம்பொடை ஏத்தத்துல எறங்கி தள்ளிக்கிட்டுதான் போவீங்க, 32, 34 இருந்தா நல்லம். செயின்ல ஸ்கேல் வச்சு அளங்க, 24 கண்ணி சரியா 12 இஞ்சி வரணும், 1/8 இஞ்சி கூடிருந்தா கேசட்டும், அதான் பின்னுக்கு இருக்கிற பல்சக்கர அடுக்கும், தேஞ்சிருக்கும், அந்த செலவ வெலையில கழிச்சு கேளுங்க. ரிம் பிரேக்னா, அதாவது சக்கரத்து வளையத்தையே புடிக்கிற பிரேக்னா, அந்த ரிம்ம வெரலால தடவுங்க, குழி விழுந்திருந்தா நம்ம எறக்கத்துக்கு ஆகாது. கார்பன் பிரேம்ல வெடிப்பு இருந்தா சும்மா குடுத்தாலும் வேணாம், நானும் ஒருக்கா பெயின்ட்ட பாத்து ஏமாந்தவன்தான்.