நீலத் திரைக்கு ஃபார்மட் மருந்தல்ல

கேள்வி: உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். பில் போடும் பழைய மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, புதிய கணினியில் விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டேன். ஆன் செய்தால் நீலத் திரை வருகிறது. 7இ (7E) என்ற எண்ணும், 'இன்டெல்பிபிஎம்.சிஸ்' (intelppm.sys) என்ற பெயரும் தெரிகின்றன. சர்வீஸ் கடையில் "ஃபார்மட் அடிக்கணும்" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஃபார்மட் வேண்டவே வேண்டாம். உங்கள் பில்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பெயர், பிராசசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவருடையது (டிரைவர் என்பது வன்பொருளை இயக்கும் சிறு நிரல்). நிஜக் கணினியில் அதற்கு வேலை உண்டு. விர்ச்சுவல் மெஷினில், அதாவது விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஓடும் கணினியில், அது தேடும் கட்டுப்பாடுகள் இருக்காது. கை நீட்டிய இடத்தில் ஒன்றும் இல்லாமல் விழுந்துவிடுகிறது, கூடவே விண்டோஸும் விழுகிறது. வேகத்தை உங்கள் புதிய கணினியே பார்த்துக்கொள்ளும். ஆகவே இந்த டிரைவரை நிறுத்திவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை.

முதலில் டிஸ்க் ஃபைலை வெளி டிரைவில் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். அப்புறம் விர்ச்சுவல் மெஷினை ஆன் செய்து, விண்டோஸ் சின்னம் வருவதற்குள் எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். சேஃப் மோடில் (அத்தியாவசிய டிரைவர்களை மட்டும் ஏற்றும் முறை) நுழைந்து, கருப்புத் திரை கமாண்ட் பிராம்ப்டில் ஆங்கில எழுத்துகளில் இதை அடியுங்கள்: 'sc config intelppm start= disabled'. சமக்குறிக்குப் பின் ஓர் இடைவெளி கட்டாயம். அதை விட்டால் கட்டளை ஓடாது. intelppm என்பதை நடுவில் இடைவெளியே இல்லாமல் அடியுங்கள். ரீஸ்டார்ட் செய்யுங்கள், அவ்வளவுதான்.

எண் 7இ இல்லாமல் 7பி (7B) என்று இருந்தால் கதையே வேறு. கடைசி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் பாருங்கள். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 7பி என்றால் விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கே தெரியவில்லை என்று பொருள். இந்த டிரைவரை எத்தனை முறை நிறுத்தினாலும் அது சரியாகாது. விர்ச்சுவல்பாக்ஸ் ஸ்டோரேஜ் செட்டிங்கில் டிஸ்க்கின் இணைப்பு வகையை சாட்டாவிலிருந்து (SATA) பழைய ஐடிஇக்கு (IDE) மாற்றிப் பாருங்கள்.

'இன்டெல்பிபிஎம் ஃபிக்ஸ்' என்று இலவசமாகக் கிடைக்கும் எதையும் டவுன்லோட் செய்யாதீர்கள். இந்த ஃபைல் கெட்டுப்போகவில்லை, பொருந்தாத இடத்தில் ஓடுகிறது, அவ்வளவே. புதிதாக ஒன்றை இறக்கினால் வைரஸ்தான் வரும். இரண்டு நிமிட வேலைக்கு ஃபார்மட் பில் போடுகிறவர்களிடம் கணினியை ஒப்படைக்காதீர்கள். அவர்கள் அழிப்பது உங்கள் பத்து வருடக் கணக்கு.

எக்ஸ்பி மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம். காசு கொடுத்து வாங்கியவரையே திரும்பத் திரும்ப நிரூபிக்கச் சொல்லும் இந்த முறை எனக்கு எரிச்சலூட்டுகிறது. அதற்காகக் கிராக் (ஆக்டிவேஷனை ஏமாற்றும் திருட்டு நிரல்) போட்டுத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். எக்ஸ்பிக்கு ஆதரவு, அதாவது வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள், 2014 ஏப்ரல் 8உடன் முடிந்துவிட்டது. ஆகவே விர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க் செட்டிங்கில் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பில் போட இணையம் தேவையில்லை.