நோய்க்காலக் கணக்கை எழுதலாமா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

களியக்காவிளைக்கு அருகிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்; நான் அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) வேலை செய்தேன். அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபின் திருவனந்தபுரத்தில் நெடுநாள் சிகிச்சை நடந்தது. துணைக்கு இருந்த நாட்களில் பஸ் கட்டணம், ஸ்கேன், அறை வாடகை, யாரிடம் எவ்வளவு கைமாற்று, எந்த நகை எப்போது அடகுக்குப் போனது என எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். இப்போது அவர் நலமாக இருக்கிறார். அந்த நாட்களைப் புத்தகமாக எழுத விரும்புகிறேன். என் கொழுந்தனோ, "பட்ட பாட்டை எழுதுங்க மதினி, கடன் கணக்கை எழுதி வீட்டு மானத்தை வாங்க வேண்டாம்" என்கிறார். கணக்கை எழுதினால் அது இலக்கியமாகுமா? இப்படிப்பட்ட நூல்கள் எவை?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் நலமடைந்தது அறிந்து மனம் நிறைந்தது. கணக்கைக் கட்டாயம் எழுதுங்கள். அதை நீக்கிவிட்டால் எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தக்கூடிய பொதுத் துயரம்தான் மிஞ்சும். கழுத்துச் சங்கிலி அடகுக்கடைத் தராசில் ஏறிய நாளில் உங்கள் வீடு இழந்தது பணத்தையா, நிம்மதியையா என்று பிரித்துச் சொல்ல உங்களாலேயே முடியாது என்று நினைக்கிறேன்.

தமிழில் இதற்கு நான் முதலில் சொல்வது புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' சிறுகதையை. கதை தொடங்கும்போதே செல்லம்மாளின் மூச்சு அடங்கிவிடுகிறது. அவளும் ஜவுளிக்கடைச் சிப்பந்தியான பிரமநாயகம் பிள்ளையும் சென்னையில் வாழ்ந்த வாழ்வு அதன் பிறகே நமக்குத் தெரிய வருகிறது. சொந்த ஊருக்குப் போய்வர வேண்டும் என்ற ஆசைக்குக் குறுக்கே நிற்பது அவருடைய சம்பளம்தான். வேலை முடிந்து வந்து நோயாளி மனைவிக்கு அவர் செய்யும் பணிவிடையில் இருக்கும் அன்பை, அந்தச் சம்பளத்தின் அளவு தெரியாமல் நாம் முழுதாக உணர முடியாது. இக்கதையை எழுதியவரே 1948இல், தமது 42ஆம் வயதில், நீங்கள் துணைக்கு இருந்த அதே திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்தார். மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்ற தொகுப்பாகக் கிடைக்கின்றன. பாசமும் பணமுடையும் அருகருகே இருக்கும் அக்கடிதங்களைப் படித்தால், கணக்கு எழுதியதால் ஓர் எழுத்தாளரின் மானம் குறையவில்லை என்பதை உங்கள் கொழுந்தனும் ஒப்புக்கொள்வார்.

ஆய்வு நூல்களில், அனிருத் கிருஷ்ணா 2010இல் வெளியிட்ட 'ஒன் இல்னஸ் அவே' என்ற ஆங்கில நூல் முக்கியமானது. ராஜஸ்தான், குஜராத், ஆந்திரம் முதல் கென்யா, உகாண்டா, பெரு, அமெரிக்காவின் வட கரோலினா வரை ஏறத்தாழ 35,000 குடும்பங்களின் கதையைத் தொகுத்து, ஓரளவு வசதியாக இருந்த குடும்பம் வறுமையில் விழுவதற்கு நோயும் மருத்துவச் செலவுமே பெருங்காரணம் என்று அவர் காட்டுகிறார். பெரும்பாலும் ஒரே அடியில் எவரும் விழுவதில்லை. நோய், அதைத் தொடரும் வட்டிக்கடன், இடையில் வரும் ஒரு திருமணம் அல்லது சாவு என அடுத்தடுத்து வருபவைதாம் குடும்பத்தைச் சாய்க்கின்றன. உங்கள் நோட்டில் தேதிகள் இருப்பதால் இந்த வரிசை உங்களிடம் அப்படியே இருக்கும். அதைக் கலைத்துவிடாதீர்கள்.

2017-18இல் மத்திய அரசு நடத்திய தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று, மருத்துவமனையில் ஒருமுறை தங்கிச் சிகிச்சை பெற அரசு மருத்துவமனையில் சராசரியாக ஏறத்தாழ 4,450 ரூபாயும் தனியாரிடம் 31,800 ரூபாயும் மருத்துவச் செலவு ஆனதாகச் சொல்கிறது. இத்தகைய எண்கள் அரசுக்குத் தேவை. ஆனால் அண்டி ஆபீஸில் நீங்கள் இழந்த கூலியும், பால்வெட்டு நின்றுபோன மாதங்களும் இந்தச் சராசரிக்குள் வருவதில்லை. உங்கள் நோட்டுக்கு நெருக்கமானது 2009இல் வெளிவந்த 'போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் த புவர்' என்ற ஆங்கில நூல். இந்தியா, வங்கதேசம், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 250க்கு மேற்பட்ட ஏழைக் குடும்பங்களை ஏறத்தாழ ஓராண்டுக் காலம் இரு வாரங்களுக்கு ஒருமுறை சந்தித்து, அவர்களுடைய வரவு செலவை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒரு குடும்பம்கூட நான்கு வகைக்குக் குறைவான சேமிப்பு, கடன் வழிகளைக் கையாளவில்லை. சீட்டு, குழுக் கடன், கைமாற்று, நகை அடகு என்று நம் ஊர்ப் பெண்கள் ஒன்றை அடைக்க மற்றொன்றை எடுக்கும் திறமையை அந்த நூல் மதிப்போடு பார்க்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்த நூல்.

மானம் பற்றி உங்கள் கொழுந்தன் சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம். அந்தக் கணக்கில் அவருடைய பணமும் இருக்கக்கூடும். கடன் கொடுத்தவர்களின் பெயர்களையும் ஊர்களையும் மாற்றுங்கள். தொகையையும் வட்டியையும் மாற்ற வேண்டாம். வட்டி வாங்காமல் கொடுத்தவர் எவரேனும் இருந்தால், அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை அவரிடம் வாசித்துக் காட்டிச் சம்மதம் பெறுங்கள்.

நோட்டில் செலவான பணம்தான் பதிவாகியிருக்கும். செலவழிக்காமல் விட்ட பணம் பதிவாகியிருக்காது. காசை மிச்சப்படுத்த நீங்கள் சாப்பிடாமல் இருந்த வேளைகளையும், உங்களுக்கே காய்ச்சல் வந்தபோது வாங்காமல் விட்ட மருந்தையும் நினைவிலிருந்து எடுத்து எழுத வேண்டியிருக்கும். அவற்றை அந்தந்தத் தேதிக்கு எதிரே இப்போதே குறித்து வையுங்கள்.