பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்ட்: உடைக்கப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். ஆறாம் படிவம் படிக்கும் மகளுக்காக, டவுனில் ஒருவரிடம் 650 ரிங்கிட்டுக்குப் பழைய திங்க்பேட் வாங்கினேன். வாங்கும்போது ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து ஆன் செய்தால், விண்டோஸ் வருவதற்கு முன்பே கறுப்புத் திரையில் ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்ட் கேட்கிறது. ஃபார்மட் செய்தால் போய்விடும் என்கிறான் அண்ணன் மகன். ஈப்போவில் ஒரு கடையில் 200 ரிங்கிட்டுக்கு உடைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தைப் புது எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) வாங்க வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் வருவதற்கு முன்பே கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. இது விண்டோஸ் போட்ட பூட்டு இல்லை. பாஸ்வேர்ட் டிஸ்க்குக்குள்ளேயே பதிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் டிஸ்க் எதையும் படிக்க விடாது, எழுதவும் விடாது. எழுத முடியாத டிஸ்க்கை எப்படி ஃபார்மட் செய்வது? கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் இதே கதைதான். மதர்போர்டு பேட்டரியைப் பிடுங்கினால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள், அதுவும் நடக்காது. ஊகித்து அடித்துப் பார்க்கவும் வழியில்லை: பொதுவாக 5 தடவை தப்பானால், அணைத்துப் போடும்வரை டிஸ்க் சரியான பாஸ்வேர்டைக்கூட ஏற்காது.

முதலில் விற்றவரைக் கூப்பிடுங்கள். பாஸ்வேர்ட் தெரிந்தால் அதே லேப்டாப்பில் அவரையே அடிக்கச் சொல்லுங்கள். வேறு கம்பெனி மெஷினில் அதே எழுத்துகளை அடித்தாலும் சில சமயம் திறக்காது. திறந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். மறுபடி ஆன் செய்து, லெனோவோ சின்னம் தெரியும்போது எஃப்1 அழுத்தி, செக்யூரிட்டி பகுதியில் ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டுக்குப் போங்கள். பழையதை அடித்து, புதியது கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டு எண்டர் தட்டினால் பூட்டு நீங்கிவிடும். அப்புறம் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். முன்பு வைத்திருந்தவரின் கோப்புகள் உங்களுக்கு எதற்கு?

அவருக்கும் தெரியாது என்றால் டிஸ்க்கை மாற்றுவதுதான் வழி. சில எஸ்எஸ்டிகளின் லேபிளில் பிஎஸ்ஐடி என்று 32 எழுத்து அச்சடித்திருக்கும். தயாரிப்பாளரின் மென்பொருளில் அதைக் கொடுத்தால், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்து டிஸ்க் திரும்பவும் உபயோகமாக வாய்ப்பு உண்டு. எல்லா டிஸ்க்கிலும் இது இருக்காது.

ஆனால் புது டிஸ்க்குக்குக் காசு போடும் முன் ஒரு சோதனை. பூட்டிய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்து எஃப்1 அழுத்துங்கள். அங்கேயும் பாஸ்வேர்ட் கேட்டால் மதர்போர்டுக்கும் தனிப் பூட்டு இருக்கிறது. அப்போது பேச்சே வேண்டாம், லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். பாஸ்வேர்ட் கேட்கவில்லை என்றால் மெஷின் நல்லது. கழற்றிய டிஸ்க்கைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அதே வகையாக வாங்குங்கள். சூயிங்கம் பட்டைபோல் இருக்கும் எம்.2 வகையில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றுக்குப் பதில் மற்றது ஓடாமல் போகலாம்.

இன்னொரு பொறி இருக்கிறது. புது விண்டோஸ் போட்டு வைஃபையில் சேர்ந்ததும், ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அலுவலக மின்னஞ்சல் கேட்டால், லேப்டாப் இன்னும் அந்த நிறுவனத்தின் கணக்கில் பதிவாகியிருக்கிறது. டிஸ்க் மாற்றினாலும் அது போகாது, அவர்கள்தான் விடுவிக்க வேண்டும்.

நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது என்று எழுதும் வாசகர்களுக்கு: அது பிட்லாக்கர், விண்டோஸே போடும் பூட்டு. வேறு ஆள். பழைய கோப்புகள் வேண்டாம் என்றால் யூஎஸ்பியிலிருந்து விண்டோஸ் போடும்போது டிஸ்க்கின் எல்லாப் பகுதிகளையும் (பார்ட்டிஷன்) நீக்கிவிடுங்கள், டிஸ்க் வேலை செய்யும்.

உங்களிடம் விற்றவர் மழுப்பினாலோ, எங்கே வாங்கினார் என்று சொல்லாவிட்டாலோ, திருட்டுப் பொருளோ என்று யோசிக்க வேண்டியதுதான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வைத்திருப்பது குற்றவியல் சட்டம் 411ஆம் பிரிவில் வரும். அவரிடம் ரசீது எழுதி வாங்கி, லேப்டாப்பின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால் போலீஸில் ஒரு ரிப்போர்ட் போட்டு வைப்பது நல்லது.